மிச்சமாகும் வாடகை யாருடையது?

சென்னைச் சம்பளத்தோடு புதுக்கோட்டைக்கு வந்த நாங்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம். வாடகை குறைவு, டிராஃபிக் இல்லை, அப்பா அம்மா பக்கத்தில். எதிர்ப்பக்கத்தில், விமானம் பிடிக்க 50 கிலோமீட்டர் தள்ளித் திருச்சிக்குப் போகணும்.

இந்தக் கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. நான் பேரம் பேசாமல் கொடுக்கும் வாடகைதான் நாளைக்கு அவருக்கும் ரேட். வசதிக்குறைவை நான் ‘தேர்ந்தெடுத்தேன்’ என்கிறேன். அவர் அதில் பிறந்தவர். இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2017இல்தான். அவசரம் என்றால் எனக்குக் கார் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. பிடிக்கலைன்னா திரும்பிப் போகவும் வழி இருக்கு.

திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சொந்தச் சம்பாத்தியத்தில் சேர்த்த, லட்சத்தைத் தாண்டிய புத்தகங்கள். முதல் பதிப்புகளைத் தேடிப் பெருநகர ஆராய்ச்சியாளர்கள் இங்கே பஸ் ஏறி வருகிறார்கள். ஊரில் இல்லாததைக் குறையாக எழுதி வைக்காமல், வீட்டிலேயே கட்டிவிட்டார்கள்.

எல்லோரும் நூலகம் கட்டணும்னு சொல்லலை. (எனக்கு ஒரு அலமாரியைத் துடைக்கவே சோம்பல்.) ஆனால் மிச்சமாகும் பணத்திலும் நேரத்திலும் ஊருக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரலைன்னு அங்கே உட்கார்ந்து கேட்க ஒரு சாயங்காலம் போதும்.