விடுதலையும் அனுமதியும்

சிறைக் கதவு திறக்கப்பட்டதும் மனிதன் சுதந்திரம் அடைந்துவிட்டான் என்பதாகவே பொது ஜனங்கள் கருதுகின்றனர். சிங்கப்பூரில் சியா தை போ என்பவருக்கு நேர்ந்ததை அறிந்தோர் அவ்வாறு கருதத் துணியார்.

நன்யாங் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் போதித்தவர். பாரிசான் சோசியாலிஸ் கட்சியின் சார்பில் 1963-ல் ஜூரோங் தொகுதியில் வெற்றி பெற்றவர். 1966 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்ட அவர், எந்த நியாயஸ்தலத்திலும் விசாரிக்கப்படாமலே 1989 மே வரை காவலில் கிடந்தார். பிறகு ‘விடுதலை’ வந்தது. எங்கே? செந்தோசாத் தீவில், காவற்காரர் தங்கும் ஓர் ஒற்றை அறை வீட்டில்! சுதந்திர மனிதராகிவிட்டமையால் வாடகையும் அவரே செலுத்த வேண்டுமென்றனர். 1992-ல் நகருக்குத் திரும்பிய பின்னரும், அனுமதியின்றிப் பொதுக்கூட்டத்தில் பேசலாகாது, அரசியல் சங்கங்களில் கலந்துகொள்ளலாகாது, கடல் கடந்து செல்லலாகாது. 1998 நவம்பரில்தான் கட்டுகள் முற்றும் நீங்கின.

அவர் கம்யூனிஸ்டுக் கட்சியினர் என்றும், பலாத்காரத்தைக் கைவிடுவதாக வாக்குறுதி தர வேண்டுமென்றும் சர்க்கார் கூறிற்று. அவர் மறுத்தார். கைவிடுகிறேன் என்று கையொப்பமிட்டால், முன்பு கைக்கொண்டிருந்ததாக ஒப்புவதாகுமே! திருடாதவனை நோக்கி, ‘இனித் திருட மாட்டேன் என்று எழுதிக் கொடு’ என்றால், மானமுள்ளவன் எழுதிக் கொடுப்பானா? கலகக்காரனைச் சும்மா விடலாமா என்று கேட்போர்க்கு நாம் கூறுவது இது: நியாயஸ்தலத்தில் ருசுப்படுத்துங்கள். நீதிபதி விதிக்கும் தண்டனைக்கு முடிவுநாள் உண்டு; இச்சட்டத்தின்படி பிறக்கும் காவல் உத்தரவையோ இரண்டிரண்டு ஆண்டாக நீட்டிக்கொண்டே போகலாம்.

தோட்டத் தமிழர்க்கு இது முற்றிலும் புதிய கதையன்று. கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த 1941-ல், அவர்களது தலைவர் ஆர். எச். நாதனை வெள்ளையர் ஆட்சி பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்திற்று. அவரை அந்நிய ஆட்சி ‘வெளியேறு’ என்றது. இவரைச் சுதேச ஆட்சி ‘வெளியேறாதே’ என்றது. இரண்டும் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். ஒருவனைத் தன் கருத்துக்குச் செவிசாய்ப்போரிடமிருந்து பிரித்து வைப்பதே இரண்டின் பலனுமாகும். ஆகையால் சங்கம் சேரும் உரிமையையும் பிரயாண உரிமையையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை.

ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் ஊர்க்காரரைத் தேடிக் கூடுகின்றவர்கள், யாரைக் காண்பது என்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்க நேர்ந்தவனின் நிலை அவர்களுக்கு எளிதில் விளங்கும். தடை விதிக்கப்படுவது ஒருவர்மீதுதான். ஆனால் அவரைக் கண்டு பேச விரும்பிய பலரும் அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். அவர்களுக்கு உத்தரவு எதுவும் அனுப்ப வேண்டியதே இல்லை.

மலேசியா தனது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 2012-ல் நீக்கிற்று. சிங்கப்பூரில் அது இன்றும் அமலில் இருக்கிறது. சியா தை போ பின்னர் ஹாலந்து சென்று பயின்று, 2006-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்கு அப்போது அறுபது வயது கடந்திருந்தது.