எந்தச் செடிக்குத் தண்ணீர்?



அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சா மாடித்தோட்டம் போடுற நண்பர்கள் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "தண்ணி இல்லாம செடி செத்துப்போனா அது பாவமா?" விளையாட்டா கேட்கிற மாதிரி இருக்கும், ஆனா விளையாட்டு இல்லை. நாம விதைச்சு, முளைச்சதும் சந்தோஷப்பட்டு, வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்த உயிர் அது.

பாரி வள்ளல் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைத்தான் இதற்கு எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. பறம்பு மலை முல்லை காட்டுக்கொடி. வேர் ஓட ஒரு மலையே இருந்தது. தேர் கிடைக்காவிட்டாலும் ஏதாவது ஒரு புதரைப் பற்றிப் படர்ந்திருக்கும். பாரி செய்தது கருணை. மாடியில் பைக்குள் நிற்கிற தக்காளியின் கதை வேறு. மண் நான் போட்டது, இடம் நான் தேர்ந்தது. பையைத் தாண்டி ஒரு அங்குலம்கூட அதன் வேர் தண்ணீர் தேடிப் போக முடியாது. அதற்கு நான் ஊற்றுவது கருணை இல்லை, கடன்.

சரி, கடன்தான். ஆனால் யார் தண்ணீரில் கடனை அடைப்பது?

2019 கோடை சென்னைக்காரர்களுக்கு மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் லாரி நின்றால் குடங்கள் வரிசை. எனக்குப் பின்னால் எழுபது வயசுப் பாட்டி ஒருத்தர் ரெண்டு குடத்தோட நிப்பாங்க. அந்த வரிசையில் பிடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. செடிக்கு இரண்டாம் தண்ணீர்தான் என்று முடிவு செய்தோம்: அரிசி களைந்தது, காய் கழுவினது, ஏசியில் சொட்டுவது. எல்லாம் சேர்ந்தால் நாளைக்கு ரெண்டு வாளி, முப்பது லிட்டர்.

பைகளோ இருபத்திரண்டு. சமமாகப் பிரித்தால் பைக்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. மே மாச மாடியில் அது மேல்மண்ணை மட்டும் நனைத்து, மத்தியானத்துக்குள் ஆவியாகிவிடும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே நிற்கும், சூட்டில் முதலில் வேகுவதும் அந்த மேல்மண்தான். ஆக, சமநீதி இருபத்திரண்டையும் கொன்றுவிடும். இருந்தாலும் பலர் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். "எல்லாத்துக்கும் கொடுத்தேன், போனது விதி" என்று சொல்லிக்கொள்ள அது வசதி. அந்தப் பங்கீடு ஊற்றுகிறவன் மனசைத்தான் காப்பாற்றுகிறது.

அதனால் தேர்ந்தெடுத்தேன். கறிவேப்பிலை ஒன்று, மிளகாய் ஒன்று, கொத்தவரை மூணு, கத்தரி நாலு. கத்தரியை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டேன். இலை குறைந்தால் குடிப்பதும் குறையும், மழை விழுந்ததும் துளிர்க்கும். இந்த ஒன்பதையும் முறை வைத்து, ஒருநாள் அஞ்சு, மறுநாள் நாலு என்று, பைக்கு ஆறு லிட்டர் அடி வரை இறங்க ஊற்றினேன். (பூஜைக்கான செவ்வரளி கீழே தரையில் நிற்கிறது. அதுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை.)

விட்டது பதிமூணு. முளைக்கீரை நாலு பை, அதை மழைக்குப் பிறகு விதைத்தால் ஒரு மாசத்தில் கிடைத்துவிடும். புடலை ரெண்டு. மீதி ஏழும் தக்காளி. பகலில் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினாலும் காய் பிடிக்காது.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "காய்க்கலைன்னா அது உயிர் இல்லையா? மனுஷங்களையும் இப்படித்தான் கணக்குப் போடுவீங்களா?"

தக்காளியின் ஆயுசே அஞ்சாறு மாசம், கறிவேப்பிலை போனால் பல வருஷம் போச்சு என்று சொன்னேன். உண்மைதான், ஆனால் அவங்க கேட்டதுக்கு அது பதில் இல்லை. மனுஷர்களை அப்படிக் கணக்குப் போடக்கூடாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். செடியை மட்டும் ஏன் போடலாம் என்று கேட்டால், ரெண்டு வாளிதான் இருக்கு என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

தானாகக் காயட்டும் என்று விடவும் எனக்குச் சம்மதமில்லை. வாட்டத்தில் நிற்கிற செடியில்தான் மாவுப்பூச்சி சீக்கிரம் ஏறும், பிறகு பக்கத்துப் பைக்கும் போகும். பச்சையாக இருக்கும்போதே ஏழையும் நானே பிடுங்கினேன். காயாக இருந்ததெல்லாம் கூட்டுக்குப் போயிற்று. தண்டையும் இலையையும் நறுக்கிக் கத்தரி, கறிவேப்பிலைப் பைகளின் மேல் மூடாக்காகப் பரப்பினேன். காய்ந்த தக்காளி இலை வாசனை ஒரு வாரம் மாடியில் இருந்தது. அந்த ஒரு வாரமும் துணி காயப்போடக்கூட வீட்டுக்காரம்மா மேலே வரவில்லை.