பாத்திரமும் சொல்பவரும்

வாசகர் வட்டங்களில் ஒரு நாவல் பேசப்படும்போது விவாதம் பெரும்பாலும் பாத்திரத்தின் நடத்தையில்தான் தொடங்குகிறது. அந்த நடத்தை யார் வாயிலாக வாசகரிடம் வந்து சேர்ந்தது என்ற கேள்வி கடைசியில் எழுகிறது. பல சமயம் எழுவதே இல்லை. ஜெயகாந்தனின் கங்காவை முன்வைத்து இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைக் குருவும் சீடனும் ஆராய்கின்றனர்.

சீடன்: ஐயா, வட்டத்தில் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எடுத்துக்கொண்டோம். கூட்டம் முடியும்வரை கங்கா செய்தது சரியா தப்பா என்பதிலேயே பொழுது போய்விட்டது. சிலர் கங்காவைத் திட்டினார்கள், சிலர் அவள் அம்மாவை. இது இலக்கியப் பேச்சா, பஞ்சாயத்தா?

குரு: பஞ்சாயத்துதான். ஆனால் அதை இளக்காரமாக நினைக்காதே. அந்த நாவலே பஞ்சாயத்தில் பிறந்ததுதான். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்காக நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். இந்த முடிவுதான் வாசகர்களிடையே பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தத் தாய் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து நாவல் கிளைத்தது; 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. வாசகர்கள் அந்தத் தாயோடு மல்லுக்கு நின்றிராவிட்டால் கங்காவுக்குப் பெயர்கூடக் கிடைத்திருக்காது.

சீடன்: அப்படியென்றால் சண்டை போட்டால் போதுமா?

குரு: தொடங்குவதற்குப் போதும். அதற்கு மேல் போக வேண்டுமானால் புத்தகத்தைத் திறக்க வேண்டும். சிறுகதையில் தாய் முதலில் அலறத்தான் செய்கிறாள். அலறியவள் அக்கம்பக்கத்தாரிடம் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மகளை உள்ளே கூட்டிப் போகிறாள். நாவலில் அந்தச் சமாளிப்பு இல்லை. விஷயம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். இரண்டு தாய்களுக்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறாயா?

சீடன்: இருவரும் அலறுகிறார்கள். ஒருத்தி அதை மூடிமறைக்கிறாள், மற்றவளால் முடியவில்லை.

குரு: சில விநாடி வித்தியாசம், அவ்வளவுதான். அந்தச் சில விநாடிகள்தான் பின்னால் வரும் அத்தனை ஆண்டுகளையும் தீர்மானிக்கின்றன. ஒருத்தி பெருந்தன்மைக்காரி, மற்றவள் கல்நெஞ்சக்காரி என்று பிரித்துப் பேசும் வட்டம் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். அடுத்து, சொல்பவரைப் பார். சிறுகதையைச் சொல்பவர் வெளியே நிற்கும் ஒருவர். மகளின் நடுக்கத்தையும் தாயின் தவிப்பையும் அவரால் மாறி மாறிக் காட்ட முடிகிறது. நாவலிலோ பெரும்பாலும் கங்காவின் குரல். துரத்தப்பட்டவள் பல வருடம் கழித்து நினைத்துப் பார்க்கும் தாயைத்தான் நாம் காண்கிறோம்.

சீடன்: அப்படியானால் எங்கள் வட்டத்தில் அம்மாவைத் திட்டியவர்கள் கங்கா சொன்னதை நம்பித் திட்டினார்கள்.

குரு: ஆமாம், அதுவும் ஒரு தரப்பு வாக்குமூலம் என்பது தெரியாமல். ஜெயகாந்தன் இன்னொன்றும் செய்கிறார். அந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. அதை எழுதியவராக ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். கங்கா தன் கதையை, தன்னைவிட நல்ல தாய் வாய்த்த ஒரு பெண்ணின் கதையாக அச்சில் படிக்க நேர்கிறது. முதலில் வந்த கதை இப்போது ஒரு பாத்திரத்தின் கற்பனையாக மாறிவிடுகிறது. கங்கா சரியா தப்பா என்று கேட்பவர்கள், ஆர்.கே.வி. எழுதியது அவளுக்கு ஆறுதலா அவமானமா என்றும் கேட்டால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும்.

சீடன்: எல்லா நாவலிலும் சொல்பவரை இப்படிச் சந்தேகப்பட வேண்டுமா?

குரு: வேண்டியதில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் போதும். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படர்க்கையில் எழுதப்பட்டது, ஆனால் பாபுவின் தோளை ஒட்டியே நகர்கிறது. யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். நாம் பார்ப்பது பெரும்பாலும் பாபுவின் ஏக்கம் படிந்த யமுனாவை. அவள் ஏன் அத்தனை காலம் மறுத்தாள், கடைசியில் ஏன் இசைந்தாள் என்று வட்டத்தில் கேட்பார்கள். அவள் மனம் நமக்குத் திறந்து காட்டப்படவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் அந்தக் கேள்வியைப் பேச முடியும். இல்லையென்றால் ஆளுக்கு ஒரு யமுனாவை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

சீடன்: தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்று ஒருவர் எல்லாரையும் பிரித்துக்கொண்டே வந்தார்.

குரு: இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வெளியிட்ட நூலில் சொன்ன பிரிவு அது. பயனுள்ளதுதான். ஆனால் பெயர் சூட்டியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கல்கியின் ஆழ்வார்க்கடியான் தட்டையான பாத்திரம் என்று சொல்லி என்ன கிடைக்கும்? அவன் வாயைத் திறந்தாலே அடுத்த தகவல் வரப்போகிறது என்று வாசகருக்குத் தெரியும். வாரா வாரம் வந்த தொடரில் அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டான். அதைச் சொன்னால் கதை சொல்லும் முறையும் சேர்ந்து விளங்கும். அதே 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிப்பதிலேயே கூட்டத்தைக் கழித்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டதால் நந்தினிமீதும் வந்தியத்தேவன்மீதும் நம் பார்வை எப்படி மாறுகிறது என்பதற்கு யாரும் வருவதில்லை.

சீடன்: பாத்திரத்தை எழுத்தாளரோடு சேர்த்துப் பார்ப்பது? எங்கள் வட்டத்தில் பாதிப் பேச்சு அதுதான்.

குரு: அது ஊர்வம்பு. 1981-இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலில் சுந்தர ராமசாமி அந்தப் பழக்கத்துக்கே வலை விரித்திருக்கிறார். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5 அன்று, ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள், இறக்கிறார். காம்யுவின் மரணம் உண்மை, ஜே.ஜே. கற்பனை. அவரைப் பற்றிப் பாலு என்ற ரசிகன் திரட்டித் தருவதுதான் நாவல், ஜே.ஜே.யின் நாட்குறிப்பு உட்பட. ஜே.ஜே. யாருடைய சாயல் என்று தேடுவதைவிடப் பாலுவுக்கு ஏன் இப்படி ஒரு நாயகன் வேண்டியிருந்தது என்று தேடினால் பேச நிறையக் கிடைக்கும்.

சீடன்: அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது?

குரு: சண்டையை நடக்க விடு. சூடு பிடித்ததும், எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேள். அந்தப் பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். வாய்விட்டுப் படிக்கும்போது அது யாருடைய குரல் என்று காதுக்கே பிடிபட்டுவிடும்.

சீடன்: புத்தகம் படிக்காமல் படம் மட்டும் பார்த்தவர்களும் வருகிறார்கள். ஆர்.கே.வி. என்றாலே அவர்களுக்கு நாகேஷ் முகம்தான்.

குரு: வரட்டும். 1977-இல் பீம்சிங் எடுத்த அந்தப் படத்துக்குத் திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனுடையவை. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் காமிரா கங்காவை வெளியே நின்று பார்க்கிறது, நாவலில் அவளே பேசுகிறாள். எந்தக் கங்காவைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அவர்கள் பேசட்டும்.