சங்கிலி பிடித்த கை

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை சுமார் 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரும் பிரம்மராம்பிகை அம்மனும் குடியிருக்கிறார்கள். ஸ்ரீசைலத்தில் விளங்கும் அதே திருப்பெயர்கள். விடியலில் ஏறத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம். அந்த ஒரு பகலுக்குள் ஈசன் அள்ளிக் கொடுப்பதை ஆயுள் முழுக்க வைத்து அனுபவிக்கலாம்.

கடலாடிப் பக்கமும் ஒரு வழி உண்டு. நாங்கள் தென்மாதிமங்கலம் வழியாகப் போனோம். அடிவாரத்தில் வீரபத்திரரைக் கும்பிட்டுவிட்டுப் படியில் கால் வைத்தோம். கொஞ்ச தூரம் கற்படிகள், அப்புறம் பாறையும் வேருமான காட்டுப்பாதை. மேலே இருந்து இறங்கி வருகிறவர்கள் முகம் தெரியாத எங்களிடம், “இன்னும் கொஞ்சம்தான் சாமி, அவன் கூட்டிட்டுப் போயிடுவான்” என்றார்கள். அந்த மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான்.

நவிரமலை என்று சங்கப் பாட்டான மலைபடுகடாம் பாடுவது இந்த மலையைத்தான் என்பார்கள் அறிஞர்கள். 583 அடி கொண்ட அந்தப் பாட்டு, செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. நவிரத்தில் உறையும் நஞ்சுண்ட கடவுளையும் சொல்கிறது. யாழும் முழவும் சுமந்துகொண்டு கூத்தர் கூட்டம் நடந்த சரிவில் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. எத்தனை தலைமுறைக்கு முன்பே அவன் அங்கே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்!

பிறகு வந்தது செங்குத்துப் பாறை. கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி, ஆகாயப் படி. பெயரே பாதி சொல்லிவிடும். பாறையில் அறைந்த இரும்பு, பக்கத்தில் சங்கிலி, கீழே வெறும் ஆழம். அங்கே கால் மட்டும் போதாது, கையும் ஏறவேண்டும். “நமசிவாய” என்று ஒரு குரல் கீழிருந்து எழும்பும். மேலே தொங்கிக்கொண்டிருப்பவர் அதை வாங்கி இன்னும் மேலே அனுப்புவார். என் வாயில் வந்த மந்திரம் என்னுடையதா, முன்னே போனவருடையதா என்று எனக்கே தெரியவில்லை. பயம் எந்தப் படியில் கழன்று விழுந்தது என்றும் தெரியவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலைத் தொடர் அடுக்கடுக்காக நீலம் பூத்துக் கிடக்கிறது. கீழே ஏரிகளும் வயல்களும், சிறுசிறு ஊர்களும். மேகம் ஒன்று பள்ளத்தாக்கை மூடி, மறுபடி திறந்தது. தென்கிழக்கே, அதோ, அண்ணாமலை! கூட்டமே ஒரே குரலில் அரோகரா என்றது. கயிலையிலிருந்து அண்ணாமலைக்கு வந்த ஈசன் முதலில் அடி வைத்தது இந்த மலையில் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. நின்று பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது.

ஆனாலும் நான் சொல்லத் துடிப்பது வேறு. இங்கே அடியவர் தம் கையாலேயே ஈசனுக்கு அபிஷேகம் செய்வது வழக்கம். சங்கிலியைப் பிடித்துத் துருவேறிச் சிவந்திருந்த இந்தக் கையை அலம்பிக்கொண்டு பால் ஊற்றினேன். வில்வம் சாத்தினேன். திருமேனியைத் தொட்டேன். குளிர்ந்த கல் என்று கண் சொல்லலாம். விரல் அப்படிச் சொல்லவில்லை. அப்பா, எத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறாய் என்று விம்மினேன். என் பின்னால் வந்த பாட்டி அம்பாளின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள், பேத்தியைக் கொஞ்சுவதுபோல. தூக்கி வைத்துக் கும்பிடும் தெய்வங்கள் நமக்கு நிறைய உண்டு. தொட்டுக் கும்பிட அழைக்கிறவன் இவன்.

போகிறவர்கள் பகலிலேயே ஏறுங்கள். தண்ணீர் வேண்டிய மட்டும் எடுத்துப் போங்கள். காலி பாட்டிலை மறக்காமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள். முழங்காலில் தெம்பு இருக்கும்போதே ஒருமுறை போய் அவனைத் தொட்டுவிடுங்கள்.