விடை தெரிந்த மர்மம்

1990-களின் பிற்பகுதியில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடர், இரவில் குதிரையேறி வந்து தண்டிப்பது கருப்பசாமியா மனிதனா என்ற சந்தேகத்தை வளர்த்து, இறுதியில் மனோதத்துவத்தின் பக்கமே விடையைச் சாய்த்தது. 2024-இல் ‘ஐந்தாம் வேதம்’ தொடருடன் நாகா திரும்பியபோதும் ரசிகர்கள் பழைய ‘விடாது கருப்பு’ பற்றியே பேசினார்கள். ரகசியம் அறிந்த பின்னும் அந்த அச்சம் ஏன் தேயவில்லை?

திரைக்கு வெளியேயும் இதே நிலைதான்: புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பிரம்மாண்டமான குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று காகித மாலை சாத்தும் பக்தர், அது மனிதன் கட்டியதென்பதை நன்கறிந்தே கைகூப்புகிறார். காரணத்தைக் கண்டதும் தெய்வம் கரைந்துவிடும் என்று கருதும் பகுத்தறிவுவாதி அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, குதிரையைச் செய்தவர் யார் என்பதன்று. அநியாயம் செய்தவனுக்கு இரவில் குளம்பொலி ஏன் கேட்கிறது என்பதே.