திசுவில் நேரும் திரிபு

அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், பதி என்னும் இறைவனையும் பசு என்னும் உயிரையும் பற்றி விரிப்பதற்கு முன் அளவை இயலை, அதாவது அறிவு எவ்வழியில் பெறப்படுகிறது என்னும் ஆராய்ச்சியை வைக்கிறது. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் காட்சியைக் கெடுப்பவை ஐயமும் திரிபும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரிபு. பொருள் இருந்தபடியே இருக்க, காண்பவனின் அறிவே பிறழ்கிறது என்பது இவ்விளக்கத்தின் அடிப்படை. காணப்படும் பொருளே முன்கூட்டித் திரிந்திருந்தால் என்ன செய்வது என்னும் வினாவை இன்றைய நோயியல் கூடம் எழுப்புகிறது.

லிட்டில் இந்தியாவை ஒட்டிப் புக்கித் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆயினும், ஊட்ரம் வட்டாரத்துச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆயினும், நோயறிய அறுத்தெடுக்கும் திசு பெரும்பாலும் ஃபார்மலினில் இடப்படுகிறது. ஃபெர்டினாண்ட் புளூம் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1893இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஏறத்தாழ 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு கொண்ட அக்கரைசல், புரதங்களை ஒன்றோடொன்றும் டிஎன்ஏவோடும் பிணைத்து, அழுகலைத் தடுத்து, உயிரணுவின் வடிவத்தை நிலைப்படுத்துகிறது. மெழுகில் பதித்தபின் அத்திசு பல்லாண்டுகள் அறை வெப்பநிலையிலேயே இருக்கும்.

வடிவம் காக்கப்படும் அதே வேளையில் மரபுச்செய்தி சிதைகிறது. நீண்ட டிஎன்ஏ இழை சில நூறு எழுத்துகளே கொண்ட துண்டுகளாக முறிவதோடு, சைட்டோசின் என்னும் எழுத்து அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறுகிறது. படியெடுக்கும் நொதி அதைத் தைமின் என்றே கொள்வதால், நோயாளியின் உடலில் ஒருபோதும் இல்லாத சடுதிமாற்றம் அறிக்கையில் இடம்பெறக்கூடும். கருவி பழுதற்றது, படிப்பவரும் தேர்ந்தவர். எதிரே உள்ளது உள்ளபடியே படிக்கப்பட்டும் முடிவு பொய்யாகிறது. பழுதையைப் பாம்பாகக் கண்ட மயக்கத்துக்குத் தருக்க நூலார் செலவிட்ட ஏடுகளில் சிலவற்றை இத்தகைய பொருளுக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

யுராசிலை நீக்கும் நொதியை முதலில் சேர்த்தால் போலி மாற்றங்கள் பெரிதும் குறைகின்றன. ஆனால் மீத்தைல் ஏறிய சைட்டோசின் நேரே தைமினாகவே மாறுவதால், அவ்விடங்களில் அந்நொதி பயன்படாது. ஆகவே சோதனையைத் திரும்பச் செய்தும், எத்தனை மூலக்கூறுகளில் அம்மாற்றம் தென்படுகிறது என எண்ணியும், கருதல் அளவையால்தான் மெய்யைத் துணிய வேண்டியுள்ளது.

மண்டாய்த் தகனக்கூடத்தில் உடல் எரியூட்டப்பட்டு அஸ்தி கடலில் கரைக்கப்பட்ட பின்னும் மெழுகில் எஞ்சும் துண்டு உயிரைத் தளைக்குமோ என்று அஞ்சுவோர் உண்டு. உடல் மாயையின் காரியம், உயிர் அதனின் வேறு என்னும் சைவ சித்தாந்தத்தில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. கடப்பாடு உயிரோடிருப்போர்பால் உள்ளது: சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் ஆய்வுக்கான திசுவுக்கு ஒப்புதலை வலியுறுத்துவது அதன் ஒரு பகுதி, பிழையற அறிந்து சொல்வது மற்றொரு பகுதி. நம்பத்தக்கோர் சொல்லே உரை அளவையாதலின், திசு எப்போது ஃபார்மலினில் இடப்பட்டது, எத்தனை மணி நேரம் அதில் கிடந்தது என்பவற்றைக் குறிக்காத மரபணு அறிக்கை அத்தகுதியை முழுமையாகப் பெறாது.