வெள்ளைத் துணியின் சாட்சி

ரைஃபிளைத் துடைத்து முடித்தாயிற்று என்பதற்கு எங்கும் ஒரே அத்தாட்சிதான். குழலுக்குள் விட்டு எடுத்த துணித்துண்டு வெள்ளையாக வர வேண்டும். என்.சி.சி. முகாமில் ‘புல்-த்ரூ’ கயிற்றில் ‘சிந்தி’ எனும் துணித்துண்டைச் செருகி இழுக்கும் மாணவனிடம் ஹவில்தார் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் உள்ள இலக்கைச் சுடும் அமெரிக்கப் போட்டியாளர், யாரும் கேட்காமலே தேடுவதும் இதைத்தான். முதல் துணி கன்னங்கரேல் என்று வரும். அடுத்தது சாம்பல் நிறம். பிறகு வெளுத்துக்கொண்டே போய், கடைசித் துணி போட்டது போலவே திரும்பும். இதைவிட நேர்மையான சாட்சி வேறு உண்டா என்று தோன்றும்.

பென்சிலைவிட மெல்லிய கம்பியின் நுனியில் கேமரா பொருத்திய போர்ஸ்கோப், சில ஆண்டுகளாகச் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. வெள்ளைத் துணியோடு திருப்தியாக எழுந்து போனவர்கள், ஆசைக்கு அதை வாங்கிக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். தோட்டா உறையின் வாய் முடிந்து வரிப்பள்ளங்கள் தொடங்கப்போகும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் உட்கார்ந்திருந்தது.

அந்த இடத்தின் கொடுமையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 4,000 மடங்கு அழுத்தமும், எஃகின் மேல்தோலையே வெடிக்கவைக்கும் வெப்பமும் அங்கே ஒரு கணம் வந்து போகின்றன. எரிந்த வெடிமருந்தின் கரி படிகிறது. அடுத்த குண்டு அதைச் சுட்டு இறுக்குகிறது. அதன்மேல் இன்னொரு படலம். விரலில் ஒட்டும் மசியல்ல இது, சூளையில் வெந்த ஓடு. குண்டின் செம்பு உறையும் இடையிடையே பூசிக்கொள்ளும். செம்பை அம்மோனியா கலந்த திரவம் கரைத்துவிடும். துணி நீலமாக வருவதே அதற்கு அடையாளம். கரியை அது சீண்டுவதில்லை. மேலாக இருக்கும் மசியை எண்ணெயும் சால்வென்டும் வாங்கிக்கொள்ளும், வெந்து இறுகியதை விட்டுவிடும். வளையம் தடித்தால் குண்டு வெளியேறும் வழி குறுகுகிறது, அழுத்தம் எகிறுகிறது, போல்ட்டைத் திறக்கவே கை வலிக்கிறது. சுடுபவரோ மருந்தைக் குறை சொல்வார், தொலைநோக்கியைக் குறை சொல்வார், காற்றைக்கூட விடமாட்டார். குழலை மட்டும் சந்தேகப்பட மாட்டார். அதற்குத்தான் வெள்ளைத் துணி சாட்சி இருக்கிறதே!

இந்த ஏமாற்றம் புதிதல்ல. பழைய கருமருந்தில் பாதிக்கு மேல் எரிந்தபின்னும் திடப்பொருளாகத் தங்கிவிடும். ஆனால் வெந்நீர் ஊற்றினால் பெரும்பகுதி கரைந்து ஓடிவிடும். அந்த அழுக்குக்கு அந்த நல்ல குணம் இருந்தது. வாய்வழியாகக் குண்டைத் திணிக்கும் காலத்தில், படிந்த கரிக்கு நடுவே குண்டு வழுக்கி இறங்கத்தான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டின் தோட்டாக் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அந்தக் கொழுப்பு 1857 சிப்பாய் எழுச்சியில் என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். குழலுக்குள் படிந்த கரிக்கும் அந்தக் கதையில் ஓர் இடம் உண்டு என்பதை மட்டும் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

1884இல் பிரான்ஸில் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கரி வெகுவாகக் குறைந்தது. இனி எண்ணெய் போதும், தண்ணீர் எதற்கு என்று பலர் நினைத்தார்கள். ஆனால் தோட்டாவின் அடியில் இருந்த பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஓர் உப்பு. எண்ணெயில் உப்பு கரையாது. ராத்திரி பளபளத்த குழல், காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ள, சில நாளில் துருப்பிடித்தது. பிரிட்டிஷ் ராணுவம் .303 ரைஃபிளுக்குக் கொதிநீர் ஊற்றும் வழக்கத்தைக் கைவிடாததற்கு இதுவே காரணம். உப்பு எந்தத் துணியையும் கறுப்பாக்குவதில்லை.

இதைவிடப் பெரிய வெள்ளைத் துணி வியட்நாமில் விரிக்கப்பட்டது. எம்-16 ரைஃபிளுக்குப் பராமரிப்பே அதிகம் தேவையில்லை என்ற பேச்சோடு அது போர்க்களத்துக்குப் போனது. துடைக்கும் கம்பியும் தூரிகையும் போதுமான அளவு கூடப் போகவில்லை. ஆரம்பச் சோதனைகளில் தேறியது ஒருவகை மருந்து. பின்னர் தோட்டாக்களில் நிரப்பியது, கால்சியம் கார்பனேட் கலந்த உருண்டை மருந்து. படிவு கூடியது, சுடும் வேகமும் கூடியது. குரோம் பூசாத தோட்டா அறை வியட்நாமின் ஈரத்தில் அரித்தது. சுட்ட உறைகள் உள்ளேயே சிக்கின. கம்பியை விட்டு உறையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வீரர்கள் மடிந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு விசாரித்து, ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அறைக்குக் குரோம் வந்தது, துடைக்கும் கருவிகள் வந்தன. 1968இல் வில் ஐஸ்னர் படம் வரைந்த பராமரிப்புக் கையேடும் வந்தது. ஒரு ரைஃபிளைத் துடைக்கச் சொல்லித்தர சித்திரக்கதைக்காரர் தேவைப்பட்டார்!

சோதனை அறிக்கை பொய் சொல்லவில்லை. துணியும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அவை பதில் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். துணி வெள்ளையாக வருவது இரண்டு நிலைகளில்: எடுக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது; மிச்சமிருப்பதை எடுக்க அந்தத் திரவத்துக்குத் திராணி இல்லாதபோது. இரண்டுக்கும் நிறம் ஒன்றுதான். ஆக, துணி அளப்பது குழலின் சுத்தத்தை அல்ல, திரவத்தின் எல்லையை. புகார்ப் பெட்டி காலியாகக் கிடக்கும் அலுவலகத்தில் குறையே இல்லை என்று மேலதிகாரி நம்புவதும் இந்தக் கணக்கில்தான். எழுதப் பயப்படுகிறவனின் குறை பெட்டிக்குள் விழாது. சுலபமாக எழுதக்கூடிய குறைகள் தீர்ந்தபின், பெட்டி சுத்தமாக இருக்கும். உள்ளே இறுகியது இறுகியபடியே இருக்கும்.

வளையத்தை எடுக்க முரட்டுத்தனம் உதவாது. வீரியமான திரவத்தை ஊற்றி ஊறவிட வேண்டும், வெண்கலத் தூரிகையால் அந்த இடத்தை மட்டும் திருகித் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மென்மையான தேய்ப்புப் பசை. நடுநடுவே போர்ஸ்கோப்பை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கரியையும் ஒழிப்பேன் என்று கிளம்புகிறவர்கள் குழலையே கெடுத்துவிடுவார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து எம்-1 கேரண்ட் ரைஃபிள்களில், குண்டுகள் தேய்க்காத குழல்வாயை வீரர்களின் துடைப்புக் கம்பி தேய்த்துவைத்திருக்கிறது. தவிர, முழுச் சுத்தமான குழலின் முதல் குண்டுகள் பெரும்பாலும் தடம் மாறித்தான் விழுகின்றன. அனுபவமுள்ள போட்டியாளர்கள் அதனால்தான் வளையத்தை மட்டும் எடுத்துவிட்டு, போட்டிக்கு முன் சில தோட்டாக்களைச் சுட்டு, மெல்லிய கரியைத் தாங்களே படியவிட்டுக்கொள்கிறார்கள்.